ஒண்ணும் செய்யாது

சின்னராசாவும் அவனுடைய நாய் செவலையும் பங்களா வளைவுக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. அது கடிகாரம் சொன்ன நேரம். வெளிச்சத்தைக் கேட்டிருந்தால் விளக்கு வைத்து ஒரு மணி ஆயிற்று என்று சொல்லியிருக்கும். அறுபத்தோராம் வருஷத்து ஆனி மாதம். மழை ஓய்ந்தால் பனி, பனி விலகினால் மழை. அன்றைய பனியைச் சாக்கில் அடைத்துத் தேயிலை ஸ்டோருக்கு அனுப்பியிருந்தால் தராசு முள்ளே கொழுந்து என்று நம்பி ஏமாந்திருக்கும். மூக்கைச் சிந்த வேண்டுமென்றால் முதலில் அது எங்கே இருக்கிறதென்று தடவிப் பார்க்க வேண்டும்.

கல்லுமேட்டுத் தோட்டத்துக்குச் சின்னராசாதான் தபால்காரன். காலையில் தோல்பையை மாட்டிக்கொண்டு நாலு மைல் இறங்கி ஹட்டன் டவுனுக்குப் போவான். தபாலாபீசில் பையை நிரப்பிக்கொண்டு நாலு மைல் ஏறி வருவான். இடது கையில் குடை. வலது கையில் கத்தாழை நார்க் கயிறு. கயிற்றின் மறுமுனையில் செவலை. மழையானாலும் இடியானாலும் இந்த ஏற்பாடு மாறியதில்லை.

வளைவுக்கு மேலே பெரிய பங்களா பூட்டிக் கிடந்தது. பழைய வெள்ளைத் துரை போன வருஷம் கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்த கொழும்புத் துரை அந்த வீட்டில் ஒரே ஒரு ராத்திரி படுத்துவிட்டு, மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்னத்துரை பங்களாவுக்குக் குடிபோய்விட்டார். கூரை ஒழுகுகிறது என்று காரணம் சொன்னார். வீடு முழுக்க நனைந்த நாய் நாற்றம் அடிக்கிறது என்று சமையற்காரன் காதில் மட்டும் சொன்னார்.

செவலை நின்றது.

சின்னராசா கயிற்றைச் சுண்டினான். அது அசையவில்லை. காதுகள் பின்னால் படிந்தன. வால் வயிற்றுக்குள் போயிற்று.

பனிக்குள்ளிருந்து மூன்று நாய்கள் வந்தன.

ஒன்று கறுப்பு, கன்றுக்குட்டி உயரம். மற்ற இரண்டும் புள்ளி விழுந்த வெள்ளை. கழுத்தில் பட்டை இல்லை, கயிறு இல்லை. தகப்பன் வீட்டுச் சொத்தில் உலாவுகிற மாதிரி உலாவி வந்து செவலையைச் சுற்றி நின்றன. சரளைக்கல் ரோட்டில் எலி ஓடினாலும் சத்தம் கேட்கும். இந்தப் பன்னிரண்டு கால்களும் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. தூறல் சின்னராசாவின் புருவத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்று நாய்களின் மயிரிலும் ஒரு துளி ஈரம் இல்லை.

வேறு யாராவது இதையெல்லாம் கவனித்திருப்பார்கள். கவனித்துப் பையை எறிந்துவிட்டு ஓடியிருப்பார்கள். சின்னராசாவுக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, காது கேட்காது. அவன் முகம் கழுவுகிற தண்ணீர் கொதித்து, அதிலேயே தேயிலைச் சாயம் ஊற்றலாம் என்று தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயத்தில் பேச்சு.

"எந்தப் பயடா நாயை அவுத்து விட்டது?" என்று பனியைப் பார்த்துக் கத்தினான். குடையை மடக்கிக் கறுப்பு நாயின் முதுகில் ஓங்கிப் போட்டான். குடை காற்றை அடித்துவிட்டுத் தரையில் மோதியது. குறி தப்பிவிட்டது என்று நினைத்து இன்னும் கோபப்பட்டான்.

மேலேயிருந்து சீட்டி ஒன்று கிளம்பியது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கூடவே இனிப்பான பைப்புப் புகையிலை வாசனை. அதற்குப் பின்னால் ஒரு குரல், சோம்பலாக, சிரிப்பாக:

"பயம் வாணாம். ஒண்ணும் செய்யாது."

நாய்கள் திரும்பிப் பனிக்குள் போயின.

அந்த மூன்று நாய்களையும் சின்னராசாவுக்குத் தெரியும். அந்தச் சீட்டியையும் தெரியும். தெரிந்ததால்தான் உள்ளங்கையில் பழைய தழும்பு எரிந்தது.

கப்பலேறிப் போன துரைக்குச் சீமையில் ஏதோ நீளமான பெயர். தோட்டத்துச் சனம் அவருக்கு வைத்த பெயர் சீட்டித் துரை. இரண்டு விரலை வாயில் வைத்து அவர் பங்களாவில் சீட்டி அடித்தால் தலவாக்கலையில் ரயில் நின்றுவிடும் என்பார்கள். அவர் வந்த புதிதில் பெரட்டுக்களத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினார். லயத்து நாய்கள் எந்நேரமும் கயிற்றில் இருக்க வேண்டும். கயிறில்லாமல் தோட்டத்துக்குள் கண்ட நாய் சுடப்படும். காலையில் அங்கே வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த சனமெல்லாம் அதைப் படித்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காக முதல் வாரத்திலேயே காவற்காரன் அழகுமுத்து இரண்டு நாய்களைச் சுட்டுக் காட்டினான்.

துரையின் மூன்று நாய்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அவை கொழுந்து எடுக்கிற பெண்களின் கூடையில் மூக்கை விடும். கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவுக்குள் புகுந்து பால் குடிக்கும். யாராவது அலறினால் துரை இருபது அடி தள்ளி நின்று பைப்பை வாயிலிருந்து எடுப்பார். "பயம் வாணாம். ஒண்ணும் செய்யாது." அவருக்குத் தெரிந்த தமிழில் சுத்தமாக வருகிற வசனம் அது ஒன்றுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், இதே வளைவில் அந்த ஒண்ணும் செய்யாத நாய்கள் மூன்றும் சின்னராசாவின் முதல் நாயான, அவன் கட்டிலுக்கு அடியிலேயே படுத்து வளர்ந்த கறுப்புக் கருவாயன்மேல் பாய்ந்தன.

கயிற்றை விட்டிருந்தால் கருவாயன் தேயிலைக்குள் பாய்ந்து தப்பியிருக்கும். அவ்வளவு வேகமான நாய் கண்டி வரைக்கும் கிடையாது. முயல்கள் அதைப் பார்த்து மரியாதைக்காக நிற்கும் என்று சின்னராசா சொல்வான். ஆனால் துரை அங்கேயே நிற்கிறார். கயிற்றை விட்டால் சட்டப்படி சுட வேண்டும். சின்னராசா விடவில்லை. கருவாயன் எப்போதும்போல இடது பக்கம் தேயிலையைப் பார்த்து இழுத்தது, இழுத்தது, உள்ளங்கைத் தோல் உரிகிற வரைக்கும் இழுத்தது. அவன் விடவில்லை. கட்டுண்ட நாயை மூன்று நாய்கள் பிய்த்தன.

மறுநாள் பங்களாவிலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது.

அந்த டின்னைச் சின்னராசா எறியவில்லை. திறக்கவுமில்லை. வெளிநாட்டு டின், மூடியைச் சுற்றி ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. அடுப்புக்கு மேலே பரணில் வைத்தான். கோபம் ஆறுகிற மாதிரி தெரிந்தால் எடுத்து மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பான். மறுபடி சூடேறிவிடும்.

லயத்தில் நாய் செத்தால் புதைப்பதற்கு முன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். கட்டோடு புதைத்தால் அது கட்டோடே கிடக்கும், போகவேண்டிய இடத்துக்குப் போகாது என்று ஒரு நம்பிக்கை. கருவாயனை வளைவிலேயே, சவுக்கு மரத்தடியில் குழிவெட்டி இறக்கியபோது அழகுமுத்துவே குனிந்து கயிற்றில் கை வைத்தான். சின்னராசா அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"அவுக்காதே. கட்டச் சொன்னவன் வந்து அவுக்கட்டும்."

அப்படியே மண்ணைத் தள்ளினான். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாதிரி ஒரு வேலையை அந்தத் தோட்டத்தில் யாரும் செய்ததில்லை.

இப்போது அந்த மூன்று நாய்களும் திரும்பி வந்திருக்கின்றன. துரை போகும்போது அவற்றை ராகலைப் பக்கம் யாரோ ஒரு துரைக்குக் கொடுத்துவிட்டார் என்றுதான் ஊர்ப் பேச்சு. சின்னராசா தபால்பையோடு நேராக ஆபீசுக்குள் நுழைந்தான். புதுத் துரை காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா.

"தொரை, நாயி உங்களுதா? ராகலையில இருந்து கொண்டாந்தீங்களா?"

"நாயா? எனக்கு நாய் இல்லை," என்றார் துரை, வாயில் தமிழைத் தேடித் தேடி எடுத்து. "நாய் பார்த்தா நானே மேசை மேல ஏறுறது."

"அப்ப வளைவுல சீட்டி அடிச்சது யாருங்க?"

கிளாக்கர் கண்ணாடியை இறக்கினார். "பனிக்குள்ள மாட்டைக் கண்டிருப்பாய், சின்னராசா."

"மாடு பைப்புக் குடிக்குமாங்க ஐயா?"

கிளாக்கர் கண்ணாடியை மறுபடி ஏற்றினார். "நாய் இருக்கோ இல்லையோ, உன்ர நாய் கயித்திலதான் இருக்கவேணும். அந்த ஓடரை ஒருத்தரும் கிழிக்கேல்லை. கண்டால் சுடுவினம்."

"எனக்கு மட்டும் ஓடரு," என்றான் சின்னராசா. பையை மேசையில் போட்ட வேகத்தில் மைக்கூடு இரண்டு தரம் குதித்தது.

வெளியே வந்தவனைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் அழகுமுத்து மறித்தான். தோளில் துப்பாக்கி. ஆறடி ஆள், அன்றைக்குக் கூனிக்குறுகி நாலடியாக இருந்தான்.

"அண்ணே. எத்தனை நாயி பாத்தீங்க?"

"மூணு. ஏன், உனக்கு எண்ணத் தெரியாதா? கறுப்பு ஒண்ணு, புள்ளி ரெண்டு."

அழகுமுத்து சுற்றுமுற்றும் பார்த்தான். "அதுக ராகலைக்குப் போகலண்ணே. தொரை கப்பலேறுறதுக்கு மொதநாளு என்னையக் கூப்பிட்டாரு. வேற எவன் வாசல்லயும் என் புள்ளைக போயி நிக்கக் கூடாதுன்னாரு. நான்தான் சுட்டேன். மூணு வெடி. பன்னிக்குப் போட்டதுன்னு எல்லாருக்கும் சொன்னேன். ரோசாப் பாத்திக்குள்ள பொதைச்சேன்."

அழகுமுத்து துப்பாக்கியைத் தோள் மாற்றினான்.

"கழுத்துப் பட்டையெல்லாம் கழட்டச் சொன்னாரு. பெட்டிக்குள்ள வச்சிக் கொண்டு போயிட்டாரு."

இந்த இடத்தில் எந்த மனிதனுக்கும் முதுகுத்தண்டில் ஐஸ் ஓடும். சின்னராசாவுக்கு ஓடியது வெந்நீர்.

"உசுரோட இருந்தப்பவும் கயிறு இல்ல. செத்த பொறகும் கயிறு இல்லையா?" என்றான். "என் நாயி குழிக்குள்ளயும் கட்டுக் கெடக்குது. அதுக இன்னும் ஊரு சுத்துதா?"

"மெதுவாண்ணே. கேக்கப்போகுது."

"கேக்கட்டும்."

மறுநாள் அவன் மனைவி பூரணி செவலையை அனுப்பவில்லை. "ஏங்க, நீங்க வேணும்னா பேயோட மல்லுக்கட்டுங்க. நாயி இங்கனயே கெடக்கட்டும்," என்று லயத்து வாசல் தூணில் கட்டிப்போட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போனாள். சின்னராசா தனியாக ஹட்டனுக்குப் போய்த் திரும்பினான். வளைவில் நாய்கள் இல்லை. பனிகூட மரியாதையாக ஒதுங்கி நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சீட்டி அடிக்கப் போனவன், வாயைப் பொத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தால் செவலையின் இடது காது கிழிந்து தொங்கியது.

தூணைச் சுற்றிச் சுற்றி ஓடியதில் கயிறு முழுக்கச் சுருண்டு, நாய் தூணோடு தூணாக ஒட்டிக்கிடந்தது. குரைக்கக்கூட அதற்கு இடம் இருக்கவில்லை. வாசல் சேறு. சேற்றில் செவலையின் கால்தடம் மட்டும்தான், வட்டம் வட்டமாக. வேறெந்தத் தடமும் இல்லை. பக்கத்து வீட்டு வீரம்மா மத்தியானம் சீட்டிச் சத்தம் கேட்டதாகச் சொன்னாள். யாரோ பொடியன் என்று விட்டுவிட்டாளாம்.

பூரணி மஞ்சளைக் குழைத்துக் காதில் பூசினாள்.

"ஸ்டோர் ரோடு வழியா சுத்திப் போங்க. ரெண்டு மைலு கூடத்தானே."

"வீட்டு வாசலுக்கே வந்துருச்சு. இனி எந்த ரோடு?" என்றான் சின்னராசா. "கட்டுன எடத்துல வந்து கடிச்சிட்டுப் போகுது, பூரணி. கட்டிக்கெடக்குன்னு தெரிஞ்சு வருது."

அன்று அவன் பரணிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து வெகுநேரம் மடியில் வைத்திருந்தான். டின் கனமாக இருந்தது. உள்ளே பிஸ்கட் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தது.

வியாழக்கிழமை செவலையைக் கூட்டிக்கொண்டே கிளம்பினான்.

திரும்பி வரும்போது பனி அவனுக்காகக் காத்திருந்தது. வளைவை நெருங்க நெருங்கச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முதலில் தவளைகள் நின்றன. பிறகு ஓடைத் தண்ணீர் நின்றது. தண்ணீர் எப்படி நிற்கும் என்று கேட்காதீர்கள், நின்றது. கடைசியில் அவனுடைய செருப்புச் சத்தமே அவன் காதுக்கு வரவில்லை. நனைந்த மயிரின் நாற்றம் வந்தது. அதன்மேல் பைப்புப் புகை.

நீளமாக ஒரு சீட்டி. குட்டையாக இரண்டு.

மூன்றும் இந்தத் தடவை உலாவி வரவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தன. பல் தெரிந்தது. செவலை கயிற்றின் எல்லைவரை ஓடிச் சுண்டப்பட்டுத் திரும்பி விழுந்தது. மறுபடி ஓடியது. மறுபடி விழுந்தது.

"பயம் வாணாம்," என்றது பனி. "ஒண்ணும் செய்யாது."

சின்னராசா குனிந்தான்.

அதே இடம். அதே கயிறு. அதே குரல். இரண்டு வருஷமாக அவன் எரிந்துகொண்டிருந்தது துரைமேல் மட்டும் இல்லை. அன்றைக்குப் பிடித்திருந்தது அவன் கை. அந்தக் கையைத்தான் அவன் ராத்திரி ராத்திரியாகத் திட்டிக்கொண்டிருந்தான்.

செவலையின் கழுத்துச் சுருக்கைத் தளர்த்தித் தலைவழியாக உருவினான்.

"ஓடு."

செவலை தேயிலைக்குள் பாய்ந்தது. சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, பிறகு இலைகள் ஆடுவது தெரிந்தது, பிறகு எதுவும் தெரியவில்லை. கயிறில்லாத லயத்து நாய். கீழே துப்பாக்கியோடு அழகுமுத்து நிற்பான். அது வேறு கவலை.

நாய்கள் செவலையின் பக்கம் திரும்பின.

"எங்கடா போறீங்க?" என்றான் சின்னராசா. கையில் வெறும் கயிறு. நுனியில் வெறும் சுருக்கு, சவுக்கு மரத்தடி மண்ணில் கிடந்தது.

கயிறு அசைந்தது.

காற்றில்லை.

சுருக்கு மண்ணிலிருந்து எழுந்தது. ஒரு முழம். ஒன்றரை முழம். கருவாயன் நிற்கும் உயரம். அங்கேயே நின்று, விரிந்து, எதையோ சுற்றி இறுகியது.

கயிறு விறைத்தது.

இடது பக்கம் இழுத்தது.

இடது பக்கம், தேயிலையைப் பார்த்து. அந்த இழுவையைச் சின்னராசாவின் கைக்குத் தெரியும். இரண்டு வருஷம் கழித்தும் தெரியும். தழும்புமேல் அதே இடத்தில் கயிறு உட்கார்ந்தது.

மூன்று நாய்களும் நின்றுவிட்டன. கறுப்பு நாய் ஓர் அடி பின்னால் வைத்தது. முதல்முறையாக அதன் காலடியில் ஒரு கல் உருண்ட சத்தம் கேட்டது.

சீட்டி அடித்தது. மறுபடி அடித்தது. இப்போது அதில் சோம்பல் இல்லை, அவசரம் இருந்தது.

"தொரை," என்றான் சின்னராசா பனியைப் பார்த்து. அவன் வாழ்நாளிலேயே அவ்வளவு அடக்கமாக அவன் பேசியதில்லை. "உங்க நாயி ஒண்ணும் செய்யாது. சரிங்க. எங்க நாயி செய்யும்."

கையைத் திறந்தான்.

கயிறு பாம்பு மாதிரி உருவிக்கொண்டு பனிக்குள் போயிற்று. அப்புறம் அங்கே நடந்ததை அவன் பார்க்கவில்லை, கேட்டான். உறுமல், எலும்பு நொறுங்குகிற சத்தம், பெரிய நாய் ஒன்று குட்டி நாய் மாதிரி அழுகிற சத்தம். கயிறு சரளையில் இழுபட்டு அங்கும் இங்கும் ஓடியது. சீட்டி விடாமல் அடித்துக்கொண்டே மேடேறிப் பங்களாப் பக்கம் போயிற்று. கயிறும் அதன் பின்னாலேயே மேடேறியது. மேலே ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்டது. அந்தக் கதவில் ஒரு வருஷமாகப் பூட்டுத் தொங்குகிறது.

பிறகு ஓடைத் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.

லயத்துக்கு இறங்கும் படியில் அழகுமுத்து உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி மடியில் இருந்தது. அவன் காலடியில் செவலை நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது.

"கயிறு இல்லாம வந்துச்சு," என்றான் அழகுமுத்து. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலண்ணே. பனி."

மறுநாள் பெரட்டுக்களத்தில் அந்தப் பழைய அறிவித்தலைக் காணவில்லை. கிளாக்கர் ஐயா எல்லோரையும் விசாரித்தார். துரை மட்டும் விசாரிக்கவில்லை.

பதினாறாம் நாள் தபால்பையில் ஒரு வான்கடிதம் வந்தது. சின்னராசாவே சுமந்து வந்து மேசையில் வைத்தான். கிளாக்கர் பிரித்துப் படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நில் சின்னராசா. போகாதே."

"என்னங்க ஐயா?"

"சீட்டித் துரையின்ர பெண்சாதி எழுதியிருக்கிறா. துரை செத்துப்போனாராம். ஒரு மாசமாய்க் கட்டிலில கிடந்து, யன்னலைப் பார்த்து நாயளுக்குச் சீட்டி அடிச்சுக்கொண்டே இருந்தாராம், இரவு பகல் இல்லாமல். இடைக்கிடை எங்கட பாசையில ஏதோ சொன்னாராம். அவவுக்கு விளங்கேல்லை. கேட்ட மாதிரியே இங்கிலீசு எழுத்தில எழுதியிருக்கிறா." விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். "ஒண்ணும், செய்யாது."

கிளாக்கர் கடிதத்தைத் திருப்பினார்.

"போன மாசம் ஒரு வியாழக்கிழமை காலையில சீட்டி நிண்டுதாம். எங்களுக்கு அது பின்னேரம் மூண்டு மணியாய் இருக்கும். கட்டில் மூலையில ஒடுங்கிக்கொண்டு, காற்றில எதையோ இரண்டு கையாலையும் அவிழ்க்கிற மாதிரி செய்தாராம். அப்ப வேற ஒரு வார்த்தை." கிளாக்கர் மறுபடி விரலை வைத்தார். "அவுத்துட்டேன். அவுத்துட்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே உயிர் போச்சுதாம். கையைப் பார்த்தால் உள்ளங்கைத் தோல் முழுக்க உரிஞ்சிருந்துதாம், கயிறு இழுத்த மாதிரி. டாக்குத்தருக்கே விளங்கேல்லையாம். கடைசி ஒரு மாசமாய்ச் சொன்ன அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் எண்டு கேட்டு எழுதியிருக்கிறா. நான் என்னத்தை எழுதுறது?"

சின்னராசா வெறும் பையைத் தோளில் மாட்டினான்.

"பயப்பட வேணாம், ஒண்ணும் செய்யாதுன்னு எழுதுங்க."

திரும்பும் வழியில் வளைவில் நின்றான். சவுக்கு மரத்தடியில் மண் உள்வாங்கியிருந்தது. அதன்மேல் அவனுடைய கத்தாழை நார்க் கயிறு, மழையில் கழுவி வெளுத்து, ஒழுங்காகச் சுருட்டி வைத்த மாதிரி கிடந்தது. அவன் போட்ட சுருக்கு முடிச்சு அவிழ்ந்திருந்தது. அறுந்திருக்கவில்லை, கடிபட்டிருக்கவில்லை. விரல்கள் உட்கார்ந்து பொறுமையாக அவிழ்த்த முடிச்சு.

கயிற்றைத் தொடாமல் வீட்டுக்கு நடந்தான். முன்னால் செவலை கயிறில்லாமல் குதித்துக்கொண்டு போயிற்று. மேலே பூட்டிய பங்களாவிலிருந்து மெல்லிய சீட்டி ஒன்று வந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. எந்த நாயும் வரவில்லை.

பூரணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தான்: நெஞ்சுக்குள் ஏதோ குறைந்திருந்தது. பழக்கதோஷத்தில் பரணிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்தான்.

டின் தாள் மாதிரி கனமில்லாமல் வந்தது.

ஆட்டிப் பார்த்தான். சத்தமில்லை. மூடியைச் சுற்றி வைத்த ஈயம் அப்படியே இருந்தது. கத்தியை வைத்து நெம்பித் திறந்தான். உள்ளே ஒரு துகள் இல்லை. அடித்தகரம் நக்கித் துடைத்தது போல விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. மூலையில் ஈரமாக ஒரு கறுப்பு மயிர் ஒட்டியிருந்தது.

சின்னராசா கோபத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குக் கொஞ்சம்கூடக் கோபம் வரவில்லை. அந்தக் காலி இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

"ஏங்க," என்றாள் பூரணி, மிக மெதுவாக. "செவலை எங்க?"

"வாசல்லதான். இங்கிருந்தே தெரியுதே."

"அப்ப கட்டிலுக்கு அடியில?"

கட்டிலுக்கு அடியில், பலகையில், வால் ஒன்று சந்தோஷமாகத் தட்டிக்கொண்டிருந்தது.